ஒரு வாசகர் போதும்

“அம்மா, நம்ம புத்தகத்தை யாரும்மா எழுதுறது? இயேசப்பாவா?”

ஜெமிமா நான்கு வயதில் கேட்ட கேள்வி இது. அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த சுகிர்தா, “இல்லடா, நகரம் எழுதுது” என்றாள். குழந்தை விடவில்லை. “அப்ப இயேசப்பா என்னம்மா பண்றாரு?” சுகிர்தா இரண்டாவது பின்னலை வழக்கத்தைவிட இறுக்கமாகப் போட்டாள்.

இப்போது ஜெமிமா நான்காம் வகுப்பு. அப்படியெல்லாம் கேட்பதில்லை.

பாலாறு அடுக்குநகரில் காலை வாசிப்பில்தான் தொடங்கும். லிஃப்ட் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தலைகுனிந்து, கையிலிருக்கும் ஏட்டுத்திரையில் தத்தம் நேற்றைய நாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சுவர்களிலும் குழாய்களிலும் பதித்த நுண்ணுணரிகள் கண்டதையும் கேட்டதையும், நகரை நடத்தும் கணினியான நகரறிவு, இரவோடிரவாக நல்ல தமிழில் எழுதி வைத்துவிடும். அதற்கு வாழ்நூல் என்று பெயர். நகரறிவு பொய் எழுதாது. மனதுக்குள் இருப்பதையும் எழுதாது. அது அதற்குத் தெரியாது.

அன்று சுகிர்தாவின் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: “சுகிர்தா ஏழாம் தளத்தில் நீர்வடிகட்டியைக் கழற்றினாள். கழுவினாள். மாட்டினாள். குழாய்முன் கண்ணை மூடிச் சற்று நின்றாள். நீர் தெளிவாக வந்தது. எட்டாம் தளத்துக்குச் சென்றாள்.”

பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில், “வாசகர்: இல்லை.”

நகரை அமைத்தவர்கள் நூல்களை நேசித்தவர்கள். கடல் ஏறி வந்து பழைய நகரங்கள் அழிந்தபோது, அந்த நகரங்களின் அவமானம் என்று அவர்கள் நினைத்தது ஒன்றுதான். பக்கத்து வீட்டில் ஒருவர் செத்துக் கிடந்தாலும் நாற்றம் வந்த பிறகே தெரியும் என்ற வாழ்க்கை. புதிய நகரத்தில் ஒவ்வொருவரையும் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வாசிப்பாண்டு. அதற்குள் ஒவ்வொருவரின் வாழ்நூலையும் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் முழுதாகப் படித்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆண்டில் ஒரு வாசிப்புதான் கணக்கில் ஏறும். நீ என்னைப் படி, நான் உன்னைப் படிக்கிறேன் என்ற மாற்று வாசிப்பு செல்லாது. ஒருவர்கூடப் படிக்காத நூல் மூடப்படும்.

நல்ல எண்ணத்தில் செய்த சட்டம். ஆனால் ஜனங்கள் ஒரே மாதிரி நூல்களைத்தான் எடுத்தார்கள். முப்பதாம் தளத்தில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்ட இரட்டைச் சகோதரர்களின் நூலுக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள். சுகிர்தாவும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தன் வாசிப்பை அங்கேதான் செலவழித்திருந்தாள். அந்த நூலைப் பற்றிப் பேசுபவர்களோடு தானும் சேர்ந்து நின்றால், யாராவது தன்னையும் எடுக்கமாட்டார்களா என்ற ஆசை.

பயம் அவளுக்காக மட்டுமல்ல. கணவர் சாம்ராஜ் காய்ச்சலில் போன பிறகு ஜெமிமா தாயின் நூலில் ஓர் அத்தியாயம். தாய் மூடப்பட்டால் பிள்ளையும் மூடப்படும்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது. வாசகர் இல்லை.

“என்னம்மா, நேத்தும் வடிகட்டிதான் கழட்டுனியா?” நீரேற்று அறையில் அவளோடு வேலை செய்யும் குலசேகரன் கேட்டார்.

“வேற எதை அண்ணே கழட்டறது? எட்டாம் மாடி வீட்டுக்காரர் மீசையவா?”

“இதை லிஃப்ட் வரிசையில நின்னு சொல்லு. ஒருத்தனாவது உன்னை எடுப்பான்.” அவர் சிரித்தார். “என்னைப் பாரு. போன வருஷம் தாலி கட்டற நேரத்துல மணவறையிலிருந்து எழுந்து ஓடுனேன். பொண்ணு வீட்டுக்குச் சொல்லி வச்சு செஞ்சதுதான். அவங்களுக்கும் வாசகர், எனக்கும் வாசகர்.”

“சொல்லி வச்சதும் பக்கத்துல ஏறியிருக்குமே?”

“ஏறுச்சே. அதைப் படிக்கத்தான் பாதிப் பேர் வந்தாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “விளையாட்டு இல்ல சுகிர்தா. பிள்ளை இருக்கு. யார்கிட்டயாவது ஒரு சண்டை பேசி வச்சுக்கோ.”

பேசி வைத்த சண்டைகள் அந்த நகரத்தில் வழக்கம்தான். இரு வீட்டார் கூடி, எதைச் சொல்லித் திட்டுவது, யார் முதலில் அழுவது என்று முடிவு செய்துகொள்வார்கள். பிறகு ஒன்றாகச் சாப்பிடுவதும் உண்டு. சுகிர்தாவின் எதிர்வீட்டில் ஹாஜிரா என்ற பெண் தனியாக இருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைப்பவள், அதிகம் வெளியே வராதவள். அவளிடம் போய்க் கேட்க சுகிர்தாவுக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலே திட்டுவதற்கு வெட்கமாக இல்லை. பயம் நல்ல மனிதரையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

மறுநாள் காலை லிஃப்ட் வரிசையில், தைத்த துணி மூட்டையோடு ஹாஜிரா வந்து நின்றாள்.

“எங்க வீட்டுத் தண்ணியை ஒட்டுக்குழாய் போட்டு எடுக்கறீங்கல்ல?” சுகிர்தாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “குழாய் வேலை பார்க்கறவ வீட்டுலயே திருடறீங்களே, என்ன தைரியம் உங்களுக்கு?”

வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. தண்ணீர் அளந்து விடும் ஊரில் அதைவிடப் பெரிய பழி கிடையாது. ஹாஜிரா எதிர்த்துக் கத்துவாள், இரண்டு பக்கம் நிறையும் என்று சுகிர்தா காத்திருந்தாள்.

“கழட்டிப் பாருங்கம்மா” என்றாள் ஹாஜிரா, மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு. “ஏதாவது தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.”

லிஃப்ட் வந்தது. தலைகள் மறுபடி குனிந்தன.

“இதெல்லாம் ஒரு சண்டையா?” என்றார் குலசேகரன் அன்று மதியம். “எதிராளி மன்னிப்புக் கேட்டுட்டா எவன் படிப்பான்?”

ஆனால் பழி மட்டும் நின்றுவிட்டது. ‘தண்ணித் திருடி’ என்று மாடிப்படியில் யாரோ சொன்னது சுகிர்தாவின் காதிலும் விழுந்தது. ஹாஜிராவின் நூலைத் திறந்திருந்தால், அவள் யாருடைய குழாயையும் தொட்டதில்லை என்பது வரிவரியாகத் தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. தான் சொன்னது பொய் என்று சொல்லிவிடலாம் என்று சுகிர்தா பலமுறை நினைத்தாள். சொன்னால் அதுவும் பக்கத்தில் ஏறும். பழி சொன்னவளை யார் படிப்பார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

போகியன்று மாலை, ஆண்டு முடியும் நேரத்தில், அவளுடைய பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்து பச்சையானது. “வாசகர்: ஒருவர்.” பெயர் இருக்காது, அது சட்டம். சுகிர்தா ஜெமிமாவைக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்று நன்றி சொன்னாள். யாரோ முகம் தெரியாத மகராசர். கடவுள் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

பொங்கலன்று மாலை, ஜெமிமாவைத் தேவாலயப் பாடகர் குழுப் பயிற்சியில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, எதிர்வீட்டுக் கதவின் பெயர்த்தகடு இருண்டிருந்தது. கதவுக்கு வெளியே, சுவரோரமாக, ஹாஜிரா உட்கார்ந்திருந்தாள்.

மூடப்பட்டவரை நகரம் காண்பதில்லை. அவருடைய உள்ளங்கைக்குக் கதவு திறக்காது, லிஃப்ட் நிற்காது, குழாயில் தண்ணீர் வராது. யாரும் அடித்து விரட்டுவதில்லை. தாகம் தாங்காதபோது அவரே படியிறங்கிப்போய், கீழே நிற்கும் கரை வண்டியில் ஏறிக்கொள்வார். அது கடலோரத்துக்குப் போகும். அங்கிருந்து வந்து யாரும் எதுவும் சொன்னதில்லை. மூடப்பட்டவரோடு பேசினால் அந்த நேரம் பேசியவரின் நூலிலும் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளைப் பக்கம் உள்ள நூலை யாரும் எடுப்பதில்லை.

அதனால்தான் நடைகூடத்தில் போனவர்கள் எல்லோரும் தங்கள் ஏட்டுத்திரையைப் பார்த்தபடியே போனார்கள். ஒருவர் ஹாஜிராவின் நீட்டிய காலைத் தாண்டிப் போனார், பள்ளத்தைத் தாண்டுவதுபோல.

சுகிர்தா தன் கதவில் உள்ளங்கையை வைத்தாள். கதவு திறந்தது. உள்ளே போய்விட்டால் முடிந்தது.

“பேசிடாதீங்கம்மா” என்றாள் ஹாஜிரா மெல்ல. “பொண்ணு இருக்கு உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன், பரவால்ல, போங்க.”

சுகிர்தா நின்றாள். “என்ன கேக்கணும்?”

“ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கு முன்னாடியும் கண்ணை மூடி நிக்கறீங்களே, அது எதுக்குன்னு மட்டும் எழுதலை.”

நடைகூடத்தின் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. சுகிர்தாவுக்கு மட்டும் கண் இருட்டியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுக்காரங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்குவேன்” என்றாள். “நீங்கதானாக்கா?”

ஹாஜிரா தலையசைத்தாள்.

“ஏன்?”

“அன்னைக்குத் திட்டுனீங்கல்ல. உங்க குரல் நடுங்குச்சு. வீட்டுக்குள்ள போயி அழுதீங்களான்னு பாக்கணும்னு எடுத்தேன்.” அவள் லேசாகச் சிரித்தாள். “அழுதிருந்தீங்க. அப்புறம் கீழ வைக்க முடியலை. எவ்ளோ தண்ணி, எவ்ளோ வீடு.”

“உங்களை யாரும்…”

“ஒரு டீச்சர் வருஷா வருஷம் படிப்பாங்க. சீருடை வாங்க வர்றப்போ அவங்களே சொல்லுவாங்க. இந்த வருஷம் வேற யாரையோ எடுத்துட்டாங்க போல.”

ஏன் எடுத்தார் என்று இருவருக்கும் தெரியும். ஹாஜிரா அதைச் சொல்லவில்லை. கீழே கரை வண்டியின் ஊதல் ஒலித்தது.

அடுத்த பொங்கல் வரை ஓர் ஆண்டு. ஹாஜிராவை வீட்டுக்குள் வைத்திருந்தால் தன் நூலில் வெள்ளைப் பக்கங்கள் நிறையும். ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். அப்புறம் தன் பெயர்த்தகடும் இருளும், பாடகர் குழுவில் ஒரு பிள்ளையின் இடம் காலியாகும். அதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

“எழுந்திரிங்கக்கா. உள்ள வாங்க.”

“வேணாம்மா. தெரிஞ்சுதான் பேசறீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

கை பிடித்து எழுப்பியபோது ஹாஜிராவின் விரல்கள் காய்ந்திருந்தன. ஊசி குத்திய தழும்புகள் உரசின. கதவு மூடிக்கொண்டது. கீழே வண்டி இன்னொரு முறை ஊதிவிட்டுக் கிளம்பிப் போனது. தேடி யாரும் வரவில்லை. இல்லாதவரைத் தேட அந்த நகரத்துக்கு வழி தெரியாது.

முதலில் குடிக்கக் கொடுத்தாள். ஹாஜிரா இரண்டு டம்ளர் குடித்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது.

“மஃரிபு தொழுகைக்கு நேரமாச்சு” என்றாள் தயக்கத்தோடு. “ஒளு செய்யக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

அவள் தன் கையைக் குழாயின் தகட்டில் வைத்துப் பார்த்தாள். குழாய் வறண்டே இருந்தது. சுகிர்தா பக்கத்தில் போய் நின்று தன் உள்ளங்கையை வைத்தாள். தண்ணீர் வந்தது. கையை எடுத்தால் நின்றுவிடும்.

“நான் பொய் சொன்னேன்க்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

அந்தச் சொற்கள் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. ஹாஜிரா ஈரக்கையால் அவள் மணிக்கட்டை ஒருமுறை தொட்டாள். பிறகு கைகளைக் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், முகத்தை மூன்று முறை அலம்பினாள். அவசரப்படவில்லை. சுகிர்தா அசையாமல் நின்றாள். அன்றைய அளவுத் தண்ணீரில் தன் பங்கு தீர்ந்துகொண்டிருப்பது தகட்டின் விளக்கில் தெரிந்தது. ஹாஜிரா முழங்கை வரை நனைத்து, தலையைத் தடவி, வலது காலைக் கழுவி முடித்து, இடது காலை நீட்டும்வரை, சுகிர்தா கையை எடுக்கவில்லை.