ரிட்டன் வந்த சிங்கம்

சிங்கம் திரும்பி வந்துவிட்டது. அதுவும் வால் தனியாக, உடம்பு தனியாக!

"ரிட்டன்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கூரியர்காரர் பொட்டலத்தை நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள், பிரித்தாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா மாறுவேட உடைகள் தைப்பவள். சிங்கம், கரடி, குரங்கு, முயல், எது கேட்டாலும் தைத்து ஆன்லைன் கடையில் விற்பாள். வால்களில் பஞ்சு அடைப்பது மட்டும் மகளின் வேலை. அதனால்தான் அவளுக்கு வாலு என்று பட்டப்பெயர். அதனால் மட்டும்தானா என்று அவள் வகுப்பு டீச்சரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அது இப்போது வேண்டாம்.

"வால் அறுந்துபோய் வந்தது. என் பையன் போடவே முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள்." சிங்கத்தை வாங்கிய அம்மாள் இப்படிப் புகார் எழுதியிருந்தார். ஆன்லைன்காரர்களும் கேள்வி முறை இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? "உங்கள் கடை மீது புகார்கள் அதிகமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை கடை மூடப்படும்" என்று அம்மாவின் போனுக்கு அறிவிப்பும் அனுப்பினார்கள்.

"மூடிட்டா என்னம்மா பண்ணுவோம்?"

"பழையபடி சட்டைக் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். காலைல போனா ராத்திரிதான் வருவேன். நீ ஸ்கூல் விட்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு தனியா இருக்கணும்."

வாலு போன வருடம் வரை அப்படித்தான் இருந்தாள். சாயங்காலம் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் சிங்கத்தைக் கையில் எடுத்துப் புரட்டினாள். கழுத்துப் பட்டியில் முகச்சாயம் அப்பியிருந்தது. கைப்பக்கம் வியர்வை நாற்றம்.

"போடவே முடியலையாம்! மூக்கைப் பொத்திக்கிட்டு மோந்து பாரும்மா!"

"மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படிடீ மோந்து பாக்கறது?" அம்மா எரிந்து விழுந்தாள்.

"வாலையும் பாரு. அறுந்திருந்தா நூல் பிசிறு பிசிறாத் தொங்கும். இது நேரா இருக்கு. கத்தரிக்கோலால வெட்டியிருக்காங்க!"

"எனக்குத் தெரியாதா? மாறுவேடப் போட்டி முடியற வரைக்கும் ஆடவிட்டு, மறுநாள் வெட்டி அனுப்பிடறாங்க. போன மாசம் முயலுக்கும் இதே கதிதான். கொஞ்சம்கூடக் கூச்சமே இல்ல."

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உடை தைத்தாலும் உள்பக்கம், வயிற்றருகே, ஒரு குட்டிப் பை வைத்துவிடுவாள். கைக்குட்டைக்காக. மேடை ஏறும் நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும் என்பாள். பெரியவர்கள் கண்ணுக்கு அந்தப் பை தெரியாது. போட்டுக்கொள்ளும் பிள்ளை மட்டும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

வாலு அந்தப் பைக்குள் விரலை விட்டாள். சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்தால், சிவப்பு நாடாவில் ஒரு மெடல்! 'மாறுவேடப் போட்டி, முதல் பரிசு' என்று எழுதியிருந்தது.

"மாட்டிக்கிட்டாங்க!" வாலு குதித்தாள்.

மெடலையும் சாயக்கறையையும் படம் எடுத்து உடனே அனுப்பினார்கள். பதில் வந்தது: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வாங்கியவரின் புகார் ஏற்கப்பட்டுவிட்டது. முடிவை மாற்ற இயலாது." படத்தை யாராவது பார்த்தார்களா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அம்மா போனை மேஜையில் டொக்கென்று வைத்தாள். அதே நேரம் அது அடித்தது. வாலுதான் எடுத்தாள்.

"சிங்கக் கடையா?" ஒரு சின்னக் குரல், ரகசியம் பேசுவதுபோல். "அக்கா, பில்லுல நம்பர் பாத்தேன். சிங்கத்தோட வயித்துப் பையில என் மெடல் இருக்கா?"

வாலு ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மா எழுந்து அருகே வந்தாள்.

"இருக்கு."

"அப்பாடா! தொலைச்சிட்டேன்னு அம்மா திட்டினாங்க. பையில இருக்குன்னு சொல்லப் பயமா இருந்துச்சுக்கா. பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன். அதுக்குள்ள சிங்கத்தை அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட பேசினேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். சிங்கத்தைப் போட்டதையே யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம்."

அம்மா வாலுவின் காதருகே குனிந்தாள். "புகாரை வாபஸ் வாங்கினாத்தான் மெடல்னு சொல்லு. சொல்லுடீ!"

வாலு வாயைத் திறந்தாள். மறுமுனையில் பையன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பொட்டலத்துல உங்க அட்ரஸ் இருக்கு. மெடலை நாளைக்கே அனுப்பறேன்டா" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வால் அறுந்தா இருந்துச்சு?"

"இல்லக்கா! சூப்பரா இருந்துச்சு. நான் திரும்பினா அதுவும் திரும்புச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அதுக்குப் பஞ்சு வச்சது நான்தான். வால் அறுந்து வந்துச்சுன்னு உங்கம்மா எழுதினதால வெள்ளிக்கிழமை எங்க கடையை மூடறாங்க."

 உடனே போன் கட்டாகிவிட்டது.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏமாளி! கைல இருந்த ஒரே பிடியையும் விட்டுட்டியே!"

"அவனாம்மா வெட்டினான்? அவன் கர்ஜனை பண்ணி வாங்கின மெடல்மா அது!" வாலுவும் கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மெடலைத் துணியில் சுற்றி, கூரியருக்கு உறை தயார் செய்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா சட்டைக் கம்பெனிக்குப் போன் செய்து, வேலை இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவே வாலுவுக்குக் கசந்தது. பள்ளிக்கூடப் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா பேசி முடித்ததும் போன் சிணுங்கியது. வாலு எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளின் கணக்கிலிருந்தே பழைய புகாரை யாரோ அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழைகளைக் கழித்துவிட்டுப் படித்தால் இப்படி இருந்தது:

"வால் நல்லா இருந்தது. நான் போட்டு ஆடினேன். பர்ஸ்ட் பிரைஸ். அப்புறம் அம்மா கத்தரிக்கோலால வெட்டினாங்க. நான் பாத்தேன். மெடல் வந்திடுச்சு அக்கா."

கீழே ஒரு படம். மேடையில் ஒரு குட்டிச் சிங்கம், வால் விறைப்பாக நிற்க, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

இத்தனை நாள் காது கேட்காத ஆன்லைன்காரர்களுக்கு இப்போது கேட்டுவிட்டது. வாங்கியவர் வீட்டிலிருந்து வந்த பேச்சல்லவா! "வாங்கியவர் புகாரைத் திருத்தியுள்ளார். உங்கள் கடை தொடரலாம்" என்று செய்தி வந்தது. சிங்கத்தின் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

வாலு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இருட்டுவதற்குள் அந்தப் படத்தைக் காணோம். எழுத்தையும் காணோம். அழித்திருந்தார்கள். பையன் பேசிய எண்ணுக்கு வாலு கூப்பிட்டுப் பார்த்தாள். இனி கூப்பிட முடியாது என்றது போன்.

"அவங்கம்மா பாத்துட்டாங்கபோல." அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "பாவம், என்ன பாடு படுதோ அந்தப் புள்ள."

"அடிச்சிருப்பாங்களா?"

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.  கடை பிழைத்த சந்தோஷம்கூட வாலுவுக்குச் சரியாக உள்ளே இறங்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"மெடல் அவன்கிட்டதானேம்மா இருக்கு? அதை ரிட்டன் பண்ணிட்டுக் காசு கேக்க முடியாதுல்ல?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.