வட்டத்துக்கு வெளியே ஒரு மழைக்கோட்டு

பாப்புவின் வீட்டில் கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள் இருந்தன. ஒன்றில் அப்பாவின் வேலைச் சட்டை தொங்கும். அவர் பெயின்டர். எந்தெந்த வீட்டுச் சுவரின் நிறம் அந்தச் சட்டையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இன்னொன்றில் பாப்புவின் பள்ளிக்கூடப் பை.

மூன்றாவது கொக்கி அம்மாவுடையது. அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அது சும்மாவே இருந்தது. ஒருமுறை அப்பா மறந்துபோய் அதில் துண்டை மாட்டிவிட்டார். பாப்பு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு அப்பாவும் மறக்கவில்லை.

அம்மா அங்கே மழைக்கோட்டு தைக்கும் ஆலையில் இருந்தாள். முழுக் கோட்டையும் ஒருவரே தைப்பதில்லை. ஒருவர் கை தைப்பார், இன்னொருவர் பை தைப்பார். கோட்டின் கழுத்துக்கு உள்பக்கம், கொக்கியில் மாட்டுவதற்கு ஒரு சின்னக் காது இருக்குமே, அதைத் தைப்பதுதான் அம்மாவின் வேலை.

“நாள் முழுக்கக் காதேதானா அம்மா?” என்று போனில் கேட்டாள் பாப்பு.

“ஆமாண்டி. காலையில காது, மத்தியானம் காது. கனவுலகூடக் காதுதான் வருது!”

அம்மா கத்தித்தான் பேசுவாள். மெஷின் சத்தத்திலேயே இருந்து மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது என்பாள். சில நாள் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “நானும் நல்லா இருக்கேன்னு சொல்லு!” என்று குரல் கொடுப்பார்.

மழைக்காலம் தொடங்கும்போது அம்மா ஒரு செய்தி சொன்னாள்.

“எங்க கோட்டு நம்ம ஊர்க் கடைக்கும் வருதாம். மஞ்சள் கலரு. வாங்கும்போது காதைத் திருப்பிப் பாரு. எல்லாரும் ரெண்டு தையல் போடுவாங்க. நான் மட்டும் மூணு போடுவேன்.”

“ஏம்மா?”

“அதுவா? அப்புறம் சொல்றேன். மணி அடிச்சாச்சு.”

அடுத்த நாளே அப்பாவும் பாப்புவும் கடைக்குப் போனார்கள். பாப்பு ஒவ்வொரு மஞ்சள் கோட்டாக எடுத்துக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன பாப்பா, நீ காது டாக்டரா?” என்றார் கடைக்காரர்.

ரெண்டு தையல். ரெண்டு தையல். மறுபடியும் ரெண்டு. அடியிலிருந்து உருவிய ஒரு கோட்டில் மூன்று தையல் இருந்தது! பாப்பு அதன்மேல் விரலை வைத்தாள். அம்மாவின் விரல் பட்ட இடம்.

“இது பெரிசா இருக்கேம்மா. கையெல்லாம் தொங்குது” என்றார் அப்பா.

“நான் வளர்ந்துடுவேன்பா.”

அன்று இரவு மூன்றாவது கொக்கியில் மஞ்சள் கோட்டு தொங்கியது. படுத்துக்கொண்டே பார்த்தால், யாரோ இப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து கழற்றி மாட்டியதுபோல இருந்தது.

பள்ளியில் கண்காட்சி வரவிருந்தது. அதற்காக டீச்சர் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டார்.

“நம்ம நாட்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு வருஷத்துல என்னெல்லாம் உண்டாக்குறோம்? ரொட்டி, செருப்பு, பாலம், வீடு. முடி வெட்டுறதுகூட அதுல சேர்த்திதான். அத்தனையும் இந்த வட்டம்னு வெச்சுக்கலாம். அதையெல்லாம் யார் வாங்குறா, எதுக்கு வாங்குறான்னு பார்த்தா, நாலு பங்கு.”

முதல் பங்கை வட்டத்தில் பாதிக்கும் மேலாகப் போட்டார். “இது வீடு. நாம சாப்பிடுறது, உடுத்துறது, பஸ்ல போறது. அடுத்தது முதலீடு. புதுக் கட்டடம், மெஷின் மாதிரி பின்னாடி பலன் தர்றது. மூணாவது அரசாங்கம். பள்ளிக்கூடம், தெருவிளக்கு. நாலாவது வெளிநாடு. அவங்க வாங்க நாம கப்பல்ல ஏத்தி அனுப்புறது. நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பொருள் கொண்டு வாங்க. எது எந்தப் பங்குன்னு வெச்சுப் பார்ப்போம்.”

“டீச்சர், நான் எந்தப் பங்கு?” என்று கேட்டான் வாலு. அவனுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. பள்ளியில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

“நீ ஏன்டா பங்கு?”

“புஸ்தகம், பெஞ்சு, போன வாரம் நான் உடைச்ச ஜன்னல், எல்லாம் அரசாங்கச் செலவுதானே!” சொல்லிக்கொண்டே மூன்றாவது பங்கில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பாப்பு இரண்டு பொருள் கொண்டு போனாள். அப்பாவின் பழைய பிரஷ் ஒன்று. அவர் புதுக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பதால் அது முதலீட்டில் போய் உட்கார்ந்தது. கடைப் பையிலிருந்து கோட்டை எடுத்து மடித்து, அந்தப் பையின்மேலேயே வீட்டுப் பங்கின் நடுவில் வைத்தாள். மூன்று தையல் மேலே தெரியும்படி காதைத் திருப்பிவிட்டாள்.

வாலு நாலாவது பங்கில் ஒரு பொம்மைக் கப்பலை வைத்தான். அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ரொட்டி வந்தது, செருப்பு வந்தது, ஒரு குரங்குப் பொம்மை வந்தது, கடிகாரம் வந்தது. வட்டம் நிரம்பிவிட்டது.

“இப்பதான் முக்கியமான வேலை” என்றார் டீச்சர். அவர் கையில் ஒரு காலிக் கூடை இருந்தது. “நாம வெளியே அனுப்புறதைச் சேர்க்கணும். வெளியிலேருந்து வந்ததைக் கழிக்கணும். நாம வாங்கியிருக்கலாம், ஆனா நாம உண்டாக்கலையே. ஒவ்வொண்ணுலயும் எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதியிருக்கும், பாருங்க.”

குரங்கு கூடைக்குப் போனது. கடிகாரம் போனது. டீச்சர் மஞ்சள் கோட்டின் உள்ளே தைத்திருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பாப்புவைப் பார்த்தார்.

“இதுவும் போகணும் கண்ணு” என்றார் மெதுவாக. “அந்தக் கடைப்பை இருக்கட்டும். கோட்டை வித்த கடைக்காரர் பார்த்த வேலை இங்க நடந்ததுதான்.”

“பை உள்ள, கோட்டு வெளியவா?” என்றான் வாலு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் எல்லாரும் வெளியே ஓடினார்கள். பாப்பு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டின் கை ஒன்று கூடைக்கு வெளியே தொங்கியது. குரங்கு அதன்மேல் தலைகீழாகக் கிடந்தது.

சீட்டைப் பிய்த்துவிட்டால்? எந்த நாட்டில் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. கோட்டு மறுபடி வட்டத்துக்குள் போய்விடும். சீட்டின் ஓரத்து நூலில் நகத்தை வைத்தாள்.

அதில் எழுதியிருந்த நாட்டின் பெயரைப் படித்தாள். அம்மா இருக்கும் இடம் அதுதான். அதைப் பிய்த்துவிட்டால் அம்மா எங்கே இருக்கிறாள் என்றே இல்லாமல் போய்விடாதா?

நகத்தை எடுத்துவிட்டாள்.

டீச்சர் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாப்பு போய் நின்றாள்.

“டீச்சர், இங்க கழிச்சோம் இல்ல, அது அப்புறம் எங்க போகும்?”

“எங்கயும் போகாது. எந்த நாட்டுல தைச்சாங்களோ, அந்த நாடு அதைக் கணக்குல சேர்த்துக்கும்.”

“அப்போ அவங்களுக்கும் ஒரு வட்டம் இருக்கா?”

“ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்கு.”

“அந்த வட்டத்துல எங்கம்மா கோட்டு எந்தப் பங்குல இருக்கும்?”

டீச்சர் பதில் சொல்லுமுன், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாலுவின் தலை எட்டிப் பார்த்தது. “நாலாவது! கப்பல்ல ஏத்தி அனுப்புறது! எங்கப்பாதான் இறக்குவாரு!”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். சாக்பீஸ் ஒன்றை எடுத்துப் பாப்புவிடம் நீட்டினார்.

பாப்பு கதவுக்கு வெளியே வராந்தாவில் இன்னொரு வட்டம் போட்டாள். கொஞ்சம் கோணல். அதை நாலாகப் பிரித்து, கடைசிப் பங்கில் கோட்டை விரித்து வைத்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். குரங்கு இன்னும் தலைகீழாகவே இருந்தது. அதற்கும் ஒரு ஊர் இருக்கும்தானே? அதன் சீட்டைப் படித்து, அதற்கும் ஒரு வட்டம் போட்டாள். கடிகாரத்துக்கு ஒன்று. மணி அடித்து எல்லாரும் திரும்பி வந்தபோது வராந்தாவில் நடக்க இடமில்லை. கூடை காலி.

மஞ்சள் நூல் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கோட்டின் காதில் கட்டினாள். வாசற்படியைத் தாண்டிக் கொண்டுபோய், மறுமுனையை வகுப்பறை வட்டத்தில் இருந்த கடைப்பையில் கட்டினாள். மற்றவர்களும் அவரவர் பொருளுக்கு நூல் கட்ட ஆரம்பித்தார்கள்.

கண்காட்சி அன்று அப்பா வேலைச் சட்டையோடு நேரே வந்துவிட்டார். போனை வராந்தாவுக்கு நேராகப் பிடித்தார்.

“பாப்பு! ஒண்ணும் தெரியலடி! தரைதான் தெரியுது!” அம்மாவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தரையைத்தான்மா பார்க்கணும். வட்டம் தெரியுதா? அது நீ இருக்கிற நாடு. அதுல கடைசிப் பங்கு, வெளியே அனுப்புறது. அங்க இருக்கே, அதுதான் நீ. இந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே வந்தா நம்ம வட்டம். இங்க கழிச்சாங்கம்மா. ஆனா அங்க சேர்த்துட்டாங்க. நீ எங்கயும் விட்டுப்போகல.”

லைன் போய்விட்டதோ என்று அப்பா போனைத் திருப்பிப் பார்த்தார்.

“காது எப்படி இருக்கு?” என்றாள் அம்மா. இவ்வளவு மெதுவாக அவள் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“கெட்டியா இருக்கு. ஏம்மா மூணு தையல்?”

“நீ கழட்டி மாட்டுற வேகத்துக்கு ரெண்டு தாங்குமாடி? சூப்பர்வைசர் நூல் வீண்னு திட்டத்தான் செய்றாரு. எது உன் கைக்கு வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் எல்லாத்துலயும் போட்டுடறேன்.”

வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல மழை. அப்பா நனைந்தார். கோட்டுக்குள் இருந்த பாப்பு நனையவில்லை, நீளமான கையின் நுனி மட்டும் சொட்டிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை மூன்றாவது கொக்கியில் மாட்டினாள். காதைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தாள்.

அது விடவே இல்லை.