க்ளோவிஸின் இடக்கைப் பாஞ்சோ

மழை விட்டும் தூவானம் விடாத அந்தச் சனிக்கிழமை காலையில், டாயல் ஹென்ஸ்லி பன் போல மெத்தென்ற சூடான பிஸ்கட்டைப் பிளந்து அதன்மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டிருந்தபோது, ரீத்தா ஸ்டில்ட்னர் சேற்றில் சறுக்கிக்கொண்டே அவன் கூடாரத்துக்கு ஓடிவந்தாள்.

"வெர்னாக்கா! எங்க வீட்டுக்காரரோட பாஞ்சோவை எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்!"

டாயலின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. லாரல் ஓடைப் புல்வெளியில் கோடைதோறும் கூடும் இந்த இசைவிழாவில் திருட்டு என்பது ஜெபக்கூட்டத்தில் கைகலப்பு என்பது போல. கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு ஓடையில் குளிக்கப் போனால், மழை வந்தது என்று யாரோ முகம் தெரியாதவர் அதற்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போயிருப்பார். அப்படிப்பட்ட இடம்.

டாயலின் மனைவி வெர்னா அடுப்பை அணைத்தாள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். தானாக எரிந்த களஞ்சியங்களையும், தானாகக் காணாமல்போன லாரிகளையும் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத சுபாவம் படிந்துவிட்டது. டாயலுக்கோ நேர்மாறு. பெரிய பாஸ் வயலினை வாசிப்பதுதான் அவன் வேலை என்றாலும், மனைவிக்கு ஒரு நல்ல வழக்கு வராதா என்று கோடைதோறும் ஏங்குவான். இப்போது வந்தேவிட்டது. சந்தோஷப்படுவது பாவம் என்று முகத்தைக் காப்பிக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டான்.

"உக்காரு ரீத்தா. எப்போ பாத்தது கடைசியா?"

"ராத்திரி படுக்கும்போது பெட்டியில வெச்சு மூடினாரு. பாஞ்சோ, தோள்பட்டி, விரல்ல மாட்டுற தகடு, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் வெப்பாரு, முப்பது வருஷப் பழக்கம். நாங்க படுத்ததிலேருந்து விடியறவரைக்கும் மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. மழை நிக்கிற நேரத்துக்கு எந்திரிச்சுப் பாத்தா பெட்டி கொக்கி மாட்டினபடியே இருக்கு, தொறந்தா உள்ள ஒண்ணுமில்ல. சாயங்காலம் மேடை ஏறணும்!" அவள் மூச்சு வாங்கினாள். "அது இடக்கைப் பாஞ்சோக்கா, நரம்பெல்லாம் தலைகீழாக் கட்டினது. மத்தவன் எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான்? இந்த மைதானத்துல இடக்கையால வாசிக்கிற இன்னொரு ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மூவர் கண்களும் மேட்டிலிருந்து கீழே, ஓடையோரத்து நீலக் கூடாரத்துக்குப் போயின. அங்கே இருப்பவள் லவோன், ரீத்தாவின் கணவன் க்ளோவிஸின் தங்கை. அவளுக்குப் பாஞ்சோ சொல்லிக்கொடுத்ததே அவன்தான். பிறகு அவள் ஒரு டிரம்ஸ்காரனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நரம்பு வாத்தியங்களே ஆளும் புளூகிராஸ் நாட்டுப்புற இசை மேடையில் டிரம்ஸை ஏற்றுவதில்லை. க்ளோவிஸ் அதை வீட்டு வாசலிலேயே ஏற்றாதவன். கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி காலை ஒடைச்சுக்கிட்டிருந்தாக்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்" என்று வேடிக்கையாகச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதிலிருந்து அண்ணன் மேட்டில், தங்கை ஓடையில். ஒரே திருவிழா, இரண்டு ஊர் மாதிரி.

"நான் ஷெரீப் ஆளைக் கூட்டிக்கிட்டு நேரா அவ கூடாரத்துக்கே போகப்போறேன்" என்றாள் ரீத்தா.

"போகலாம். முதல்ல உன் கேம்பரை ஒரு பார்வை பாத்துடறேன்" என்றாள் வெர்னா.

கட்டில், அடுப்பு, ஷவர் எல்லாம் உள்ளேயே அமைந்த ஸ்டில்ட்னர்களின் பழைய கேம்பர் வண்டி மேட்டின் ஓரத்தில் நின்றது. அதன் வாசலில் நாற்காலி போட்டு க்ளோவிஸ் உட்கார்ந்திருந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம். மேடைக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை இப்போதே மாட்டியிருந்தான். தோளில் தோள்பட்டி தொங்கியது. டாயல் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"கவலைப்படாதண்ணே. வெர்னா வந்துட்டா."

அதைக் கேட்டு க்ளோவிஸின் முகம் தெளியவில்லை, இன்னும் வாடியது. டாயலுக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வெர்னா உள்ளே போனாள். கட்டிலடியில் பாஞ்சோப் பெட்டி, இரண்டு பூட்டுக் கொக்கிகளும் ஒழுங்காக மாட்டியபடி இருந்தது. தரையைக் குனிந்து பார்த்தாள். டாயலும் குனிந்து பார்த்தான். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

வெளியே வந்தபோது, பக்கத்துக் கேம்பர் பர்ல் கிழவர் தன் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். "இந்தாப்பா, நரம்பை மாத்திக் கட்டிக்கிட்டு வாசி."

"உங்களுது ரொம்பக் கனம் பெரியவரே, தோள் தாங்காது" என்றான் க்ளோவிஸ்.

வெர்னா சாதாரணமாகச் சொன்னாள்: "நுழைவாசல்ல வாத்தியக் கடை போட்டிருக்கானே, அவன்கிட்ட இடக்கைப் பாஞ்சோவே ஒண்ணு தொங்குது. கேட்டா இரவல் குடுப்பான்."

"அது சரியாப் பேசாது."

"வாசிச்சுப் பாத்தியா?"

"இல்ல... பாத்தாலே தெரியுதே." க்ளோவிஸ் எழுந்து நின்றான். "போலீஸெல்லாம் எதுக்கு? இன்னிக்கு ஒரு நாளைக்கு, நம்ம கைக்குப் பழகின மாதிரி வேற ஒண்ணு கெடச்சாப் போதும். ஓடைப் பக்கம் நானே போய்..."

"ஓடைப் பக்கம் நான் போறேன், ஷெரீப் ஆளோட!" என்று ரீத்தா படியிறங்கினாள். க்ளோவிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரீத்தா, கொஞ்சம் இரு" என்றாள் வெர்னா. "பெரியவரே, உங்க பாஞ்சோ நனையுது. உள்ள வையுங்க." பர்ல் கிழவர் நகரும்வரை காத்திருந்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு க்ளோவிஸுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"திருடன் ஒருத்தன் கொட்டுற மழையில வர்றான். காலெல்லாம் சேறு. ஆனா உள்ள தரையில ஒரு அடையாளமும் இல்ல. ரீத்தா, நீ தொடைச்சியா?"

"நான் எங்கக்கா தொடைச்சேன், எந்திரிச்சதும் உங்ககிட்டதானே ஓடி வந்தேன்."

"சரி. பாஞ்சோவை எடுக்கிறான். தோல் மூடின வாத்தியம், நனைஞ்சா கெட்டுடும். அதுக்குன்னே ஒரு பெட்டி கையில இருக்கு. அதை விட்டுட்டு வெறும் பாஞ்சோவை மழையில தூக்கிட்டுப் போறான். போறப்போ கொக்கியை வேற மாட்டிட்டுப் போறான். இப்படி ஒரு மரியாதைக்காரத் திருடனை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல."

டாயலுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ பாஞ்சோ மழையில வெளிய போகவே இல்ல!"

"போகல. பெட்டிக்குள்ளதான் எல்லாம் இருக்கும்னு ரீத்தா சொன்னா. தோள்பட்டி மட்டும் எப்படி உன் தோளுக்கு வந்தது, க்ளோவிஸ்? சட்டைப் பையில கை விட்டுப் பாரு. விரல் தகடும் இருக்கும்."

க்ளோவிஸின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஏதோ கிளிங்கென்றது.

"இரவல் வாங்கி வாசிக்கப்போறவனுக்குத்தான் இது ரெண்டும் வேணும். வந்த இரவலையெல்லாம் வேண்டாங்கிறே. முப்பது வருஷத் துணை போயிடுச்சு, நீ கேக்கிறது இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். நாளைக்கு அது திரும்பி வந்துடும்னு உனக்குத் தெரியும். சாயங்கால மேடைக்குக் காலையிலேயே சவரம் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டிருக்கே. பறிகொடுத்தவன் இப்படி இருக்க மாட்டான். எங்கேயோ விருந்தாளியாப் போறவன்தான் இப்படி இருப்பான்."

 க்ளோவிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஷவருக்குள்ள இருக்கு" என்றான். "போர்வை சுத்தி வெச்சிருக்கேன். அந்த ஷவர்தான் ரிப்பேராச்சே, யாரு தொறக்கப்போறான்னு..."

ரீத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "பைத்தியக்கார மனுஷா! உன்னால நான் இன்னிக்கு உன் தங்கச்சியைத் திருடின்னு சொல்லியிருப்பேனே!"

"நேத்து சாயங்காலம் கீழ வாசிச்சா. காத்துல கேட்டுச்சு." க்ளோவிஸ் நிமிராமலே பேசினான். "மூணாவது வரியில நான் எப்பவும் ஒரு இடத்துல தடுக்குவேன். சொல்லிக்குடுக்கும்போது அந்தத் தப்பையும் சேத்துக் குடுத்துட்டேன் போல. அதே இடத்துல, அதே மாதிரி தடுக்குறா. இத்தனை வருஷத்துல அவ அதைத் திருத்தல. எனக்குப் படுக்க முடியல. போய் நிக்கணும்னு தோணுச்சு. சும்மா போய் நின்னா என்ன பேசறது? ஒரு காரணம் வேணுமே."

டாயலுக்குக் கண் கரித்தது. வழக்கு இவ்வளவு சின்னதாக முடிந்ததில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"நீ பண்ணின கூத்தே இப்போ ஒரு காரணம்தானே" என்றாள் வெர்னா. "போ. ஆனா பொய்யைச் சொல்லி வாங்காதே. டாயல், நீயும் கூடப் போ. வழியில திரும்பிடப்போறான்."

திரும்பத்தான் பார்த்தான், இரண்டு முறை. டாயல் முழங்கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனான். நீலக் கூடாரத்தின் முன்னால் லவோன் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் டெரல், வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்வதா உள்ளே போவதா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

க்ளோவிஸ் முதலில் அவனைப் பார்த்துத்தான் பேசினான். "அன்னிக்குக் கல்யாணத்துல நான் பேசினது தப்பு மாப்ளே."

டெரல் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டான். க்ளோவிஸ் உட்காரவில்லை. தங்கை பக்கம் திரும்பினான். பிறகு, "உன் பாஞ்சோவை இரவல் கேக்க வந்தேன், லவோன். என்னோடது தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன். தொலையல. ஷவர்ல ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்றான்.

 லவோனின் உதடு சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் தடுமாறியது. உள்ளே போனாள். பாஞ்சோவுடன் வந்து, அதை அவன் கையில் வைத்தாள்.

"அதான் என்னோடது இருக்குன்னு சொல்லிட்டேனே" என்றான் க்ளோவிஸ். "இது எதுக்கும்மா?"

"இன்னிக்கு இதையே வாசி. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடு" என்றாள் லவோன். "திருப்பிக் குடுக்க நீ வரணுமில்லண்ணே."