கட்டிலின் மேல் ஒரு தொப்பி

மாஜி செனட்டர் அமெதேயோ கர்பினாதி, துப்பறியும் அலுவலகமாகவும் வீடாகவும் இருந்த அந்த அறைக்குள் நுழைந்ததும், துல்லியோ அவருடைய தொப்பியை வாங்கிக் கட்டிலின் மேல் வைத்தான். செனட்டரின் மனைவி ஒர்தென்சியா அலறியடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள்.

"கட்டில்மேல தொப்பியை வைப்பாங்களா? வீடு உருப்படுமா?"

துல்லியோவுக்கு எரிச்சலாக வந்தது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா புருஷன் சவேரியோ ரோமில் துப்பறியும் அலுவலகம் திறந்ததை நம்பி, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவன் அவன். இதுவரை கண்டுபிடித்தது இரண்டு பூனைகள். பெரிய வழக்கு ஒன்று வந்தால் அதிலும் முதல் காரியமே இப்படியா?

செனட்டர் மேடையில் நிற்பதுபோல நின்றே பேசினார். தேர்தலில் தோற்றவருக்குக் கட்சி லிஸ்பன் தூதர் பதவியைப் பிடித்துக் கொடுத்திருந்தது. அந்த நாட்டின் சம்மதம் வரும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது. நேற்று ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. லிஸ்பனில் முகம் சுளித்தார்கள். யார் வாயைத் திறந்தது என்று அமைச்சகம் கேட்கிறது.

"வேற யாரு? இவதான்!" என்று மூலையில் உட்கார்ந்திருந்த தன் காரியதரிசியைக் காட்டினார். "இவ பேரைச் சொன்னா என் பதவி தப்பிக்கும். நீங்க ஆதாரம் மட்டும் குடுங்க."

எல்டா நரைத்த தலையை நிமிர்த்தினாள். "உங்ககிட்ட இத்தனை வருஷம் உழைச்சதுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்குறீங்கய்யா."

"வேற யாருக்குமே தெரியாதா?" என்றார் சவேரியோ நிதானமாக.

"ஞாயித்துக்கிழமை மதிய விருந்துல சொன்னேன். எல்லாம் எங்க ரத்தம். என் பொண்டாட்டியோட சேர்த்து சொந்தக்காரங்க பன்னிரண்டு பேரு, அப்புறம் நான். நான் தூதரானா எல்லாருக்கும் லாபம்தான். எவன் சொல்லுவான்?"

"சமையல்காரி!" என்று துள்ளினான் துல்லியோ.

"அவளுக்குக் காது கேக்காது," என்றாள் ஒர்தென்சியா.

சவேரியோ அவள் மடியில் இருந்த தொப்பியையே பார்த்தார்.

"அம்மா, பன்னிரண்டும் ஒண்ணும் பதிமூணு, விருந்துக்கு ஆகாத எண்ணு. கட்டில்ல தொப்பியைப் பார்த்தே பதறுன நீங்க, ஒரே மேசையில பதிமூணு பேரை உக்கார வெச்சுப் பரிமாறியிருக்க மாட்டீங்களே?"

ஒர்தென்சியா கெட்டது அண்டாமலிருக்கச் சட்டென்று பையிலிருந்த இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டாள். "ஐயோ, யாராவது உக்கார வைப்பாங்களா? மேல் மாடியில குடியிருக்கிற ஒல்லிப் பையனைக் கூப்பிட்டேன். அவன் விருந்தாளியா என்ன, எண்ணிக்கைக்கு வந்தவன்."

"என்ன வேலை பாக்குறான்?"

"ஏதோ பத்திரிகையில..."

செனட்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சொந்தக்காரங்க எல்லாம் ஆட்டுக்கறியில மூழ்கிட்டாங்க," என்றார் மெதுவாக. "அவன் ஒருத்தன்தான் முள்கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டான். தோத்ததுக்கு அப்புறம் நான் பேசுனதை அப்படி யாருமே கேட்டதில்ல. அவனைப் பார்த்துத்தான் முழுசாச் சொன்னேன்."

துல்லியோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் அரசியலில் ஊறிய மனிதருக்கு, ஒரே ஒரு வாரம் வாயைக் கட்ட முடியவில்லை. அதற்கு எல்டா அம்மாளின் தலையா உருள வேண்டும்?

செனட்டர் குரலைத் தாழ்த்தினார். "இது நமக்குள்ளயே இருக்கட்டுமே?"

"நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் சவேரியோ. "துல்லியோவும் திறக்க மாட்டான். ஆனா எல்டா அம்மா பேரைச் சொல்லிட்டு, தினமும் மாடிப்படியில உண்மை தெரிஞ்ச அந்தப் பையன் முகத்துல முழிப்பீங்களா?"

எல்டா செனட்டரின் அலுவலகச் சாவிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "அமைச்சகத்துல யார் பேரைச் சொல்லப் போறீங்கய்யா? அதை மட்டும் சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

செனட்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். "எல்டா, நமது நெடிய பயணத்தில்..."

"சொற்பொழிவு வேண்டாங்கய்யா. எத்தனையோ தட்டச்சு பண்ணியாச்சு."

செனட்டர் அவள் முகத்தைப் பார்த்தார், சாவிகளைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து அமைச்சகத்தைக் கேட்டார். எதிர்முனையில் அதிகாரி வந்ததும், "நான்தான் சொன்னேன். வேற யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்தார். வாழ்நாளில் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. லிஸ்பன் அத்தோடு போயிற்று.

எல்டா சாவிகளைத் திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஒர்தென்சியா எழுந்து போய், மடியில் வைத்திருந்த தொப்பியைத் தானே கட்டிலின் மேல் வைத்தாள்.

"இனிமே என்ன கெட்டுப்போகப் போவுது," என்றாள்.