சிவப்புப் பொட்டு வைத்த ரப்பர் பேண்ட்

ரப்பர் பேண்ட் அறுந்தே ஆகவேண்டும்.

ஜோபின் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது முறையாக இழுத்தான். ஒரு முழம் நீண்டது. ஒன்றரை முழம் நீண்டது. விட்டதும் சுருண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், பாராசூட் கயிற்றின் மேல் பழையபடி உட்கார்ந்துகொண்டது. சாதாரணமாகக் கட்டைவிரலால் சுண்டினாலே அறுந்துபோகிற ரகம்.

மணி மூன்றே முக்கால். ஐந்துக்கு மேத்யூ வந்துவிடுவான்.

அப்பா சுப்புராஜின் பிளாஸ்டிக் குடோன் மாடி அது. திருவொற்றியூர் மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போனால் மட்டும் தரை லேசாக அதிரும். ஜன்னல் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பக்கெட்டுகள் நாலு பக்கமும் கூரை வரை எழும்பி நிற்க, நடுவில் விரித்த தார்ப்பாயின் மேல் பீம்ராவின் பாராசூட் கிடந்தது. ஆளைக் கொன்ற பாராசூட். போலீஸ் நாற்பது நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

பீம்ராவ் கடைசியாகக் குதித்தது எர்ணாவூரில் மூடிப்போன ஃபேக்டரி ஒன்றின் புகைபோக்கியிலிருந்து. எண்பது மீட்டர். கயிற்றில் தொங்கி இந்த மாதிரிப் புகைபோக்கிகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் பீம்ராவின் பிழைப்பு. வெளிநாட்டில் பாராசூட்டோடு குதிக்கக் கற்றுக்கொண்டு வந்த மேத்யூ அவனுக்கும் ஜோபினுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தான். பீம்ராவ் குதித்தான். ஜோபின் ஒரு தடவை உச்சி வரை ஏறி, எட்டிப் பார்த்து, ஏணி வழியாகவே இறங்கி வந்தான்.

"பரவால்ல மாமு," என்றான் பீம்ராவ், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. "நீ மடி, நான் குதிக்கிறேன். உன் கைதான் என் உசுரு."

அன்றிலிருந்து மடிப்பவன் ஜோபின். அந்த உயரத்துக்கு எதைப் போடவேண்டும், எதைக் கழற்றவேண்டும் என்பது அவன் பொறுப்பு. துணி மெதுவாக விரிவதற்காகக் கயிறுகளில் கோத்திருக்கும் சதுரத் துண்டைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவு குறைந்த உயரத்தில் மெதுவாக விரிய நேரம் இல்லை. பைலட் என்கிற, பெரிய துணியைப் பையிலிருந்து உருவிக்கொண்டு வரும் சின்னக் குடைத்துணி இருப்பதிலேயே பெரியதாக வேண்டும். அதையும் மேலே ஒருத்தன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். குதிப்பவனின் எடையில் நாடா விறைத்து, துணி வெளியே வந்ததும் விடவேண்டும். கடைசியாக, பின்னால் இருக்கும் பிரேக் கயிறுகளை ஒரு ரப்பர் பேண்டால் கற்றையாகக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் ஒரு கயிறு துணிக்கு மேலே ஏறி, அதை நடுவில் இறுக்கிவிடும்.

கட்டியது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று தங்கச்சியின் நகப்பாலீஷால் ஒவ்வொரு ரப்பர் பேண்டிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தான் பீம்ராவ். துணி விரிகிற வேகத்தில் அது அறுந்து, முடிச்சில் ஒரு துண்டு தங்கும். அன்றைக்குக் கயிறுகள் கட்டியிருந்தனவா என்று பார்க்க மேத்யூ இன்று தேடப்போவது அந்தத் துண்டைத்தான்.

அந்தத் துண்டு இல்லை. கட்டவே மறந்துபோனான் ஜோபின்.

மறந்தது பெரிதில்லை. போலீஸிடமும், வியாசர்பாடியில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கச்சி ரமாபாயிடமும், "அன்னிக்கு அவனே மடிச்சுக்கிட்டான்" என்று சொன்னதுதான் பெரிது. அதற்குப் பிறகு அவனால் கண்ணாடியில் ஷேவ் செய்ய முடியவில்லை. தாடி வளர்ந்துவிட்டது. துக்கத்தில் விட்டிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு அவனுக்கு இன்னும் கூசியது.

அன்றைக்குக் கட்ட மறந்த, இப்போது அறுக்கப் பார்க்கிற இதே ரப்பர் பேண்ட் அப்புறம், சட்டையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் கிடைத்தது. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிவைத்திருக்கிறான்.

போன் அடித்தது. ரமாபாய்.

"அண்ணா, குடோன்ல கீறியா? பஸ்ல வந்துகினு கீறேன்."

"அஞ்சு மணிக்குத்தானே ரமா?"

"வூட்ல குந்த முடியல ண்ணா. பீமு குடிச்சிட்டு கட்டாம வுட்டுட்டான்னு ஏரியாவே பேசுது. அது பீடி கூட வலிக்காது, உனுக்குத் தெரியாதா? அந்தத் துண்டு மட்டும் இருந்துட்டா போதும் ண்ணா. அவனுங்க மூஞ்சில காட்டிருவேன்."

"இருக்கும் ரமா," என்றான் ஜோபின்.

சொன்ன வாயைத் துடைத்துக்கொண்டான்.

இருக்கவேண்டும். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. கத்தியை எடுத்து ரப்பரை அறுக்கப் பார்த்தான். பிளேடு வழுக்கியது. ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த மாதிரி.

விரல்களை உதறிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தான். முதலில் மடித்து வைப்போம், இதை அப்புறம் பார்ப்போம். மடிக்கிறபோது முழங்காலால் அழுத்தினால் துணிக்குள் இருக்கும் காற்று மூச்சு விடுகிற மாதிரி ஸ்ஸ் என்று ஓரங்கள் வழியே வெளியேறும். ஆயிரம் தடவை கேட்ட சத்தம். இன்றும் அழுத்தினான், ஸ்ஸ் என்றது, முழங்காலை எடுத்தான், துணி தானாக மெல்ல எழும்பிக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

காற்றே இல்லாத அறையில்.

மறுபடி அழுத்தினான். மறுபடி எழும்பியது. அவனுடைய மூச்சுக்குச் சரியாக. அவன் மூச்சைப் பிடித்தான். அது பிடிக்கவில்லை.

புது பிளாஸ்டிக் வாசனை எங்கேயோ போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் ஈரக் கரி, துருப்பிடித்த ஏணி, புறா எச்சம், கீழே உப்பங்கழிச் சேறு எல்லாம் கலந்து அடித்தது அந்த நாற்றம். புகைபோக்கியின் உச்சி. அவன் நிமிர்ந்து பார்த்தான். நாலு பக்கத்து பக்கெட் அடுக்குகளும் வளைந்து, நெருங்கி, ஒரு வட்டமாகி நின்றன. மேலே டியூப்லைட் வானம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

கண்ணைக் கசக்கினான். அப்படியேதான் இருந்தது.

துணியைப் பார்த்தான். கற்றையாக வைத்திருந்த பிரேக் கயிறுகளில் ஒன்று அதன் மேலே ஏறிக் குறுக்காகக் கிடந்தது. எடுத்து ஓரத்தில் வைத்தான். தார்ப்பாயின் ஓரத்தில் கிடந்த பாராசூட் பையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினான். மறுபடி மேலே. எடுத்தான். வைத்தான். கண் சிமிட்டினான்.

மேலே.

"வேணாம்," என்றான் ஜோபின். "வேணாம்டா பீமா."

அப்போதுதான் இடது கை எதையோ பிடித்திருப்பது தெரிந்தது. பைலட். எப்போது எடுத்தான்? அதன் நாடா தார்ப்பாய் மேல் நெளிந்து போய், ஒழுங்காக மூடிய பைக்குள் முடிந்தது. துணி தார்ப்பாயில் இல்லை. பைக்குள் இருந்தது. அவன் மடிக்கவில்லை.

கையைத் திறக்கப் பார்த்தான். விரல்கள் திறக்கவில்லை.

பை நகர்ந்தது.

சரக் என்று ஒரு சாண். நின்றது. இன்னொரு சாண். மாடிப்படி தொடங்கும் இடத்துக்கு. அங்கே கைப்பிடி கிடையாது. விளிம்பில் போய் எழுந்து நின்றது. தொங்கிக்கொண்டிருந்த தோள் வார்கள் மெல்லப் புடைத்தன. உள்ளே ஒரு நெஞ்சு இருந்தால் எப்படிப் புடைக்குமோ அப்படி. கால் வார்களும். உள்ளே யாரும் இல்லை.

கீழே ஷட்டர் கிறீச்சென்றது.

"அண்ணா? மேலயா கீற?"

ரமாபாயின் செருப்புச் சத்தம். முதல் படி. இரண்டாவது படி.

வார்கள் லேசாகத் திரும்பின. தோளுக்கு மேல் ஒரு முகம் திரும்பிப் பார்த்தால் வரும் அசைவு. அன்றைக்கும் இப்படித்தான் திரும்பினான். மேத்யூ கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தான். இன்னும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமு, எல்லாம் கரெக்டா கீதா?"

வெறும் நைலான் உரசுகிற சத்தத்தில் வந்தது கேள்வி.

ஐந்தாவது படி.

கத்தவேண்டும். ரமா, ஏறாதே. நான்தான் மடிச்சேன். ஏறாதே. மூன்றே வாக்கியம். ஜோபினின் வலது கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குள் போனது. விரலில் தட்டுப்பட்டது, வெதுவெதுப்பாக, கயிற்றில் கட்டியிருந்த அதே பொட்டு வைத்த ரப்பர் பேண்ட்.

துவைக்கும்போது கிடைக்கவில்லை அது. அன்றைக்கு உச்சியில், இடது கையில் பைலட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இதே பாக்கெட்டில், இதே விரல்களில் கிடைத்தது. பீம்ராவ் விளிம்பில்தான் நின்றிருந்தான். குதிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தான். கட்ட மறந்ததைச் சொன்னால் மறுபடி சிரிப்பார்கள்.

பை விளிம்புக்கு வெளியே சாய்ந்தது. நாடா விறைத்தது.

ஜோபினின் வாய் திறந்தது.

"கரெக்ட்டு," என்றது. "போ."