கன்னத்தில் நான்கு விரல்

"அடிச்ச தழும்புன்னு எழுதிக் கொடுங்க டாக்டர். அது போதும் எனக்கு."

தோல் மருத்துவரின் அறைக்குள் வந்து, ஐந்து வயது மகளை நாற்காலியில் உட்கார வைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

குழந்தையின் இடது கன்னத்தில், தாடையிலிருந்து காதை நோக்கிச் சாய்ந்தபடி நான்கு பழுப்புக் கோடுகள். பார்த்த மாத்திரத்தில் நர்ஸின் முகம் சிவந்தது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் மேடம்? விரல் விரலா பதிஞ்சிருக்கே" என்றாள்.

டாக்டரம்மா குழந்தையின் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டாள்.

குழந்தையின் அம்மாவுக்குத் துணி ஆலையில் கறை பார்க்கும் வேலை. ஓடும் துணியில் ஒரு புள்ளி தெரிந்தால் எண்ணெயா, துருவா, எச்சில் பட்டதா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண் இதுவரை தவறியதில்லை. அவள் வேலைக்குப் போனால் குழந்தையை வைத்துக்கொள்வது நாத்தனார்தான். கேட்டதற்கு, "நான் அடிக்கல அண்ணி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவள், அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவன் இடித்த புளி மாதிரி இருந்தான். அத்தை அடிக்கவில்லை என்று குழந்தையும் சொன்னது. பயந்த குழந்தை வேறென்ன சொல்லும்? நாத்தனாரின் பெட்டி கட்டியாகிவிட்டது. நாளை விடுதிக்குப் போகிறாள். டாக்டர் எழுதித் தருவதை அவள் முன்னால் வைக்க வேண்டும் என்றே அவளையும் கூட்டி வந்து வெளிப்பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்தில்கூட "அத்தை" என்றுதான் குழந்தை புரளும். அந்தக் கோடுகளைப் பார்த்த அன்று வயிறு எரிந்தது உண்மை. கூடவே, வெகுநாளாகத் தேடிய ஏதோ கைக்குக் கிடைத்தது போலவும் இருந்தது.

"முதல்ல சிவந்து வீங்கியிருந்துதா?" என்றாள் டாக்டரம்மா.

இல்லை. லேசாகப் பழுப்பேறிய மாதிரி இருந்து, பத்து நாளுக்கு மேலாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. கடையில் வாங்கிய வெளுப்புக் கிரீமைத் தடவிப் பார்த்தும் பயனில்லை என்று அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வலது கன்னத்துல இந்தப் பொட்டு?"

"அது கொசுக்கடி."

இதற்குள் குழந்தை மேசை மேலிருந்த காகிதக் கோப்பையை எடுத்து, காற்றில் எதையோ பிழிந்து நர்ஸிடம் நீட்டியது. "ஜூஸ் குடிங்க."

"என்ன ஜூஸ் கண்ணு?"

"எலுமிச்சை. எங்க கடை மதில் மேல இருக்கு. அத்தை பிழிவாங்க, நான் விப்பேன்."

"மதில் மேல வெயில் அடிக்காதா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"அடிக்கும். அப்பத்தானே எல்லாருக்கும் தாகம் எடுக்கும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். வெளியே இருப்பவளை அழைத்து வரச் சொன்னாள். நர்ஸ் கைதியைக் கூட்டி வருவது போல நாத்தனாரைக் கூட்டி வந்தாள். அவள் வலது கை கைப்பைக்கு அடியில் ஒளிந்திருந்தது.

"இவளை எப்படிக் கொஞ்சுவீங்க? செஞ்சு காட்டுங்க."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை வெளியே எடுத்தாள். விரல்களில் திட்டுத் திட்டாக அதே பழுப்பு. தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தியபோது நான்கு விரலும் நான்கு கோட்டின் மேல் உட்கார்ந்தன. கட்டைவிரல் போய் உட்கார்ந்தது கொசுக்கடியின் மேல்.

"அறையற கைக்குக் கட்டைவிரல் அந்தக் கன்னம் வரைக்கும் போகாது" என்றாள் டாக்டரம்மா. "அடின்னா நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைஞ்சிருக்கும். பெரியவங்களுக்கு வர்ற மங்கு வேற. வெயில், கர்ப்பம், சில மாத்திரைன்னு அதுக்குக் காரணம் பல, பெரும்பாலும் ரெண்டு கன்னத்துலயும் ஒண்ணு போல படரும். இது எலுமிச்சைச் சாறு. தோல்ல பட்டு, அது மேல வெயிலும் பட்டா, பட்ட இடம் வெந்து கறுத்துடும். பிழிஞ்ச கையோட கொஞ்சியிருக்காங்க, அவ்வளவுதான்."

"அப்ப ஏம்மா கையை ஒளிச்சீங்க?" நர்ஸின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஏதோ தோல் வியாதி, பாப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். சொன்னா தொட விட மாட்டாங்களேன்னு..." என்றாள் நாத்தனார்.

இது ஒட்டாது என்றாள் டாக்டரம்மா. தேய்க்கக் கூடாது, வெயிலில் போகும்போது தொப்பியும் வெயில் தடுக்கும் களிம்பும் போதும், சில மாதத்தில் தானே மங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே வெளுப்புக் கிரீமைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

எழுதித் தரவா என்று டாக்டரம்மா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள் குழந்தையின் அம்மா. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வெட்கம் இருந்தது. ஆனாலும் மூச்சு முழுதாக வந்தது.

தெருவில் நாத்தனார் இரண்டடி தள்ளியே நடந்தாள்.

"அம்மா, கடையை மூடணுமா?" என்றது குழந்தை.

"வேண்டாம். நிழலுக்கு மாத்திடலாம்." பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பி, அந்தக் கறைபட்ட கையை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். "கையைக் கழுவிட்டுக் கொஞ்சு. வீட்டுக்குப் போனதும் பெட்டியை நானே பிரிச்சு வைக்கிறேன்."