எண்ணெய் வைத்த ஓட்டை

ஏழு ஓட்டைகளில் ஆறு உறைந்துவிட்டன. ஏழாவது உறையவில்லை.

தபோதரன் ஏரி ஐஸின் மேல் குனிந்து பார்த்தான். கரையில் நின்ற காருக்குப் போய்த் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பிய நேரத்துக்குள் மற்ற ஆறிலும் ஐஸ் தகடாகப் படர்ந்து, உள்ளே இறங்கிய தங்கூசித் தூண்டில் நூலை இறுகப் பிடித்துவிட்டது. அப்படிப்பட்ட குளிர். இந்தக் கடைசி ஓட்டையில் மட்டும் தண்ணீர் கறுப்பாக, வழுவழுவென்று கிடந்தது. அதையாவது ஏதோ ஊற்று, ஏதோ நீரோட்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஓட்டையின் வாயைச் சுற்றி ஐஸ்தூள் வட்டமாக ஒதுக்கப்பட்டிருந்தது. யாரோ பொறுமையாக அரித்தெடுத்து, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள்.

“அண்ணை, கடைசி ஓட்டையை அரிச்சனீங்களோ?”

“இல்லைத் தம்பி. கரண்டி உம்மட்டையல்லோ இருக்கு,” என்றது பனிப்புகாருக்குள் இருந்து, அவனோடு வந்த ஜேசுரட்ணத்தின் குரல்.

உண்மைதான். வீட்டில் வடை எடுக்கிற ஓட்டைக் கரண்டி. இருந்தது அது ஒன்றுதான். அது அவனுடைய ஜாக்கெட் பையில் இருந்தது.

அவர்கள் மீன் பிடிக்க வரவில்லை. போன மாரியில் தபோதரனின் மச்சான் மதீசன் இந்த ஏரிக்கு ஜேசுரட்ணத்தோடு தூண்டில் போட வந்து, ஐஸ் வெடித்து உள்ளே போனான். பொலிஸ் சுழியோடிகள் நீருக்குள் இறங்கித் தேடினார்கள். நடுவில் பெரிய பள்ளம், அடியில் விழுந்து கிடக்கும் மரங்கள், ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஹம்பேர்க்கில் மதீசனின் தாய், மாமி மகாதேவி அன்றிலிருந்து அரை உயிராக இருக்கிறாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் வைக்காமல் அந்தியேட்டிக் கிரியை செய்ய மாட்டேன் என்று ஒரே பிடி. இன்றைக்கு விடிய அவளே ஒரு பையைக் கட்டிக் கொடுத்தாள். உள்ளே வேட்டி, தலைக்கு வைக்கிற அரப்பு, ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

“எந்த நிலையிலை கிடைச்சாலும் கொண்டு வாங்கோ,” என்றாள் அவனுடைய மனைவி சாரங்கா. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இந்த ஏரியில் படகு விட அனுமதி இல்லை. ஐஸ் இறுகினால்தான் பள்ளத்துக்கு நேர் மேலே நிற்கலாம். அதனால் ஜேசுரட்ணம் துறப்பணத்தால் வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஈயக்குண்டும் பெரிய தூண்டிலும் கட்டி அடியைத் தடவப் பார்த்தார். ஊரில் குருநகர்க் கடலில் வளர்ந்த மனிதர். மதீசனைக் கூட்டிவந்தது தான்தான் என்ற பாரம் அவருக்கு. நாளைக்கு வெயிலாம், ஐஸ் இளகிவிடும். இன்றைக்கு இருட்டும்வரை ஓட்டைகள் மூடாமல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இன்னொரு வருசம். மாமி இன்னொரு வருசம் இருக்க மாட்டாள். அது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் தபோதரன் பெரிய கெட்டித்தனம் பண்ணியிருந்தான். நூலில் ஐஸ் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசினான். ஏரிக்கு வந்து பார்த்தால் நூலெல்லாம் வெள்ளை மெழுகு. ஜேசுரட்ணம் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றி, படகில் அடிபட்ட தழும்பு குறுக்கே ஓடும் வழுக்கையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

“ஹம்பேர்க் குசினியிலையே கல்லாக் கிடக்கிற எண்ணெயை இஞ்சை கொண்டந்து பூசுறீரே, தம்பி!”

அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

இப்போது அவன் ஆறு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக உடைத்து, சில்லுகளை அரித்து எடுத்து, மீன்பெட்டி மூடிகளால் மூடிக்கொண்டு போனான். ஐஸ் தூரத்தில் எங்கோ நீளமாக முனகியது. அது சாதாரணம், ஐஸ் இறுகும்போது அப்படித்தான் கத்தும் என்று ஜேசுரட்ணம் சொல்லியிருந்தார். சாதாரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைசி ஓட்டைக்குத் திரும்பி வந்தபோதுதான் அந்த மணம் மூக்கில் ஏறியது. கனத்த, லேசாகக் கசந்த மணம். செத்தவீட்டு முற்றத்து மணம். தண்ணீருக்கு மேல் மஞ்சளாக ஒரு படலம் மினுங்கியது.

“அண்ணை! இதுக்குள்ளை என்ன ஊத்தினீங்கள்?”

“மாமியின்ரை பையிலை எண்ணெய் கிடந்தது. ஒரு கை விட்டனான். எண்ணெய் நிண்டால் கெதியா உறையாது. மற்றதுகளுக்கும் விடத்தான் போறன்.”

“அது மதீசனுக்கு வைக்கத் தந்த எண்ணெய்!”

“எனக்கெப்படித் தெரியும், தம்பி? எங்கடை வேதக்கார ஆக்களிலை அந்தப் பழக்கமில்லையே. தலைக்கு மேலை வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன? அவன் கிடைச்சால் போதும்.”

பையைத் தரும்போது மாமி சொன்னது தபோதரனின் காதுக்குள் நின்றது. “எண்ணெய் வைச்சால் பிறகு செத்த ஆளைக் காக்க வைக்கப்படாது. உடனை முழுக்காட்டித் தூக்கவேணும். மறந்திடாதேங்கோ.”

ஜேசுரட்ணம் உள்ளங்கையில் எண்ணெய் எடுத்து, தண்ணீரில் விட்டிருக்கிறார். ஒரு கை. உச்சியில் வைக்கிற அளவு.

அவன் அந்த ஓட்டையின் நூலைத் தொட்டான். விறைப்பாக இருந்தது. அடியில் ஈயக்குண்டு கனமாகத் தொங்கியது. திடீரென்று கனம் குறைந்தது. நூல் தளர்ந்தது. அறுந்துவிட்டதோ என்று மெல்ல இழுத்தான். அறவில்லை. குண்டு இருந்தது. ஆனால் அடியில் இல்லை. நூல் சுருள் சுருளாகத் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கியது.

யாரோ குண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறார்கள்.

அவன் நூலைக் கீழே போட்டான். பின்னுக்குப் போனான்.

“தம்பி!” ஜேசுரட்ணத்தின் குரல், சந்தோசத்தில் உடைந்த குரல். “கிடைச்சிட்டான் தம்பி! எண்ணெய் விட்டன், உடனை வந்திட்டான்! என்ரை கையைப் பிடிச்சி...”

குரல் நின்றது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஐஸ் வெடித்த சத்தமும் இல்லை. நின்றது, அவ்வளவுதான்.

“அண்ணை? அண்ணை!”

ஓடினான். வழுக்கி விழுந்து, எழும்பி, ஓடினான். ஓட்டைகளை மூடியிருந்த மூடிகள் எல்லாம் தள்ளிக் கிடந்தன. முதலாவது ஓட்டையடியில் சிவப்புத் தொப்பி. பக்கத்தில் சரிந்து கிடந்த எண்ணெய்ப் போத்தல், அடியில் கொஞ்சம் மிச்சம். பனிப்புகாருக்குள் எங்கேயும் ஒரு கால்தடம் விலகிப் போகவில்லை. ஓட்டை சோற்றுக் கோப்பையின் அகலம். அதற்குள் ஒரு மனிதன் போக ஏலாது. தலை மட்டும்தான் கொள்ளும்.

தலை இருந்தது.

உச்சி மட்டும் தண்ணீருக்கு மேல். வழுக்கை. குறுக்கே பழைய தழும்பு. குனிந்தபடி.

தபோதரன் கத்தினான். கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. அடுத்த ஓட்டையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். வெளிர்ந்த மஞ்சள் முடி, ஒரு குழந்தையின் சின்ன உச்சி. அதற்கடுத்தது நரைத்த பின்னல். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. எந்தக் காலத்தில், எந்த ஐஸில் போனதுகளோ. மணம் பிடித்து வந்திருந்தன. ஒன்றும் முகம் காட்டவில்லை. எண்ணெய் வைக்கத் தலையைக் கொடுத்துக் காத்திருந்தன.

மிச்ச எண்ணெயோடு போத்தலை எடுத்துக்கொண்டு வரிசையின் முடிவுவரை நடந்தான். ஏழாவது ஓட்டையில் கறுத்த தலைமுடி. உச்சியில் இரண்டு சுழி.

இரட்டைச் சுழியன், ரெண்டு கலியாணம் கட்டுவான் என்று மாமி சனிக்கிழமைகளில் மதீசனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பகிடி விடுவாள். ஒன்றுகூடக் கட்டவில்லை. இதற்காகத்தானே வந்தான். முழங்காலில் இருந்தான். போத்தலைக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டுகள் கையில் விழுந்தன. உச்சியில் வைத்தான். குளிர்ந்த முடி விரலில் ஒட்டியது.

“மதீசன், வீட்டை வாடா. அம்மா காத்துக்கொண்டிருக்கிறா.”

தலை மெல்ல ஆடியது. இல்லை என்று ஆடியது. பிறகு தாழ்ந்து, கறுப்புக்குள் போய்விட்டது. எண்ணெய் வைத்துவிட்டு அவனைக் காக்க வைத்துவிட்டார்கள்.

பின்னால் ஆறு ஓட்டைகளிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் சளக்கென்றது. அவன் திரும்பவில்லை. முகங்கள் நிமிர்ந்துவிட்டன என்று தெரியும். போத்தல் காலி என்று அவற்றுக்கும் தெரியும்.

எழும்பிக் கரைப்பக்கம் திரும்பினான். ஒரு அடி வைத்தான். நின்றான்.

காலடியில் எட்டாவது ஓட்டை. அவர்கள் போடாத ஓட்டை. வாயைச் சுற்றி ஐஸ்தூள் வட்டமாக, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தி. தண்ணீரின் மேல் எண்ணெய் மினுங்கியது.

அதில் இன்னும் தலை இல்லை.